வெயிலில் வெந்த தோலுக்குக் கடலில் மருந்து இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலம் மஞ்சோங் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவள் நான். லூமுட் படகுத்துறையும் பங்கோர் தீவும் பக்கம் என்பதால் கமாட் (கடல் அட்டை) எண்ணெய், கடற்பாசி சோப்பு, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் கொஞ்ச காலமாக வாட்சப்பிலும் டிக்டாக்கிலும் "கடல் சத்து, வெயில் எரிச்சலை உடனே இழுத்துவிடும்" என்று விளம்பரம் ஓடுகிறது, அதைப் போனில் காட்டி "இது நல்லதாம்மா?" என்று கேட்கிறார்கள். கூட்ட நேரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம தோல்தான் கறுப்பாச்சே, வெயில் நம்மை என்ன செய்யும்?

செய்யும். முதலில் இந்த நம்பிக்கையைக் கைவிட வேண்டும். கறுப்புத் தோலில் இருக்கும் மெலனின் பாதுகாப்புத் தருகிறது என்பது உண்மைதான். ஆழ்ந்த கறுப்புத் தோலின் மேலடுக்கு சுமார் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 13 அளவுக்கும், வெள்ளைத் தோலின் மேலடுக்கு 3 அளவுக்கும் காக்கிறது என்று 1979இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். வானம் தெளிவாக இருக்கும் நாளில் நடுப்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதுதான் ஆக மோசமான படி.

நம் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது, அதனால் வெந்ததே தெரியாமல் போகிறது. சூடு, தொட்டால் வலி, அரிப்பு, தோல் இறுக்கிப் பிடிப்பது போன்ற உணர்வு, சில நாள் கழித்து அந்த இடம் கறுத்துப்போவது, இவைதான் நமக்கு அடையாளம். அழற்சி அடங்கிய பிறகு வருகிற அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது.

மறுநடவு நடந்த காட்டில் வேலை செய்பவர்களைப் பாருங்கள். வளர்ந்த செம்பனைக்கு அடியில் நிழல் உண்டு, ஆனால் கன்று நட்டு ஒன்றிரண்டு வருடமே ஆன இடத்தில் உரம் போடப் போனால் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. கையுறை முடிந்து சட்டைக் கை ஆரம்பிப்பதற்கு நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தெரியும் அல்லவா, அந்த இடமும், துண்டு நழுவிவிடுகிற பின்கழுத்தும்தான் முதலில் வேகும். கவுண்டரில் காசு நீட்டும்போதே அந்தப் பட்டை கறுத்து, சொரசொரவென்று தனியாகத் தெரிகிறது.

வெயில் பட்டு ஏன் எரிகிறது? அதுவும் வீட்டுக்கு வந்து ராத்திரியில்தானே எரிகிறது?

நல்ல கேள்வி. வெயிலின் புற ஊதா பி கதிர் மேல்தோல் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவையே உடைக்கிறது. புற ஊதா ஏ இன்னும் ஆழமாகப் போய்த் துருப்பிடிக்க வைப்பது மாதிரியான வேலையைச் செய்கிறது. அடிபட்ட செல்கள் உடம்புக்கு ஆபத்துச் செய்தி அனுப்புகின்றன. காக்ஸ்-2 என்ற நொதி வேலையைத் தொடங்கிப் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருள் சுரக்கிறது, ரத்தக் குழாய் விரிகிறது, சூடும் வலியும் வருகின்றன, இதைத்தான் அழற்சி என்கிறோம். இதெல்லாம் நடந்து முடிய நேரம் வேண்டும் என்பதால் எரிச்சல் சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. காலையில் பட்டது ராத்திரி படுக்கவிடாமல் செய்வது அதனால்தான்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் அதுதான் அடிப்படை. எரிச்சல் என்பது அந்த ஆபத்துச் செய்தி. டிஎன்ஏ உடைந்தது வேறு விஷயம். செய்தியை அமர்த்துகிற மருந்து உடைந்ததை ஒட்டவைக்காது. எரியவில்லை என்பதற்காக மறுநாளும் வெறுங்கழுத்தோடு வெயிலில் நின்றால் சேதம் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும்.

சரி, கடலில் இருந்து எடுக்கும் எதற்காவது உண்மையிலேயே இந்த அழற்சியைக் குறைக்கும் சக்தி இருக்கிறதா?

இருக்கிறது. இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க எனக்கு விருப்பமில்லை, கடலில் இருந்து வந்த சில பொருள்களின் கதை நிஜமாகவே அருமையானது.

முதலில் சூடோப்டெரோசின். பஹாமாஸ் பக்கம் கரீபியக் கடலில் சாட்டை சாட்டையாக வளரும் ஒரு மென்பவளத்தில் இருந்து எடுக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெனிக்கலும் ராபர்ட் ஜேக்கப்ஸும் சக ஆய்வாளர்களோடு 1986இல் இதைப் பற்றி வெளியிட்டார்கள். எலியின் காதில் வீக்கம் உண்டாக்கிப் பார்க்கும் சோதனையில், இந்தோமெத்தசின் என்ற பேர்போன வீக்க மாத்திரையைவிட இது வலுவாக வேலை செய்தது. பிறகு எஸ்டி லாடர் நிறுவனம் தன்னுடைய ரெசிலியன்ஸ் கிரீமில் இதைச் சேர்த்தது. கடலில் இருந்து எடுத்த ஓர் அழற்சி தணிப்பான் கடைக்கு வந்துவிட்டதற்கு இது ஒரு முன்னோடி. மென்பவளத்தை வேரோடு பிடுங்காமல் கிளைகளை மட்டும் கத்தரித்து எடுக்கிறார்கள், அது மறுபடி வளர்ந்துகொள்கிறது.

அடுத்து பழுப்புக் கடற்பாசி. அதில் ஃபுகொய்டன் என்ற வழவழப்பான சர்க்கரைப் பொருளும் ஃப்ளோரோடானின் என்ற துவர்ப்புச் சத்தும் இருக்கின்றன. கொரியாவின் ஜெஜு தீவில் விளையும் எக்லோனியா காவா பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது, புற ஊதாக் கதிர் பட்ட தோல் செல்களில் காக்ஸ்-2வையும், தோலைத் தாங்கும் கொலாஜனை அரிக்கும் நொதிகளையும் இவை குறைக்கின்றன. ஆனால் இதில் பெரும்பகுதி ஆய்வகத் தட்டிலும் எலியிலும் பார்த்தது. தட்டில் இருக்கும் செல்லுக்கு மருந்து நேராகப் போய்ச் சேரும். நம் தோலின் மேலடுக்கோ வெளியில் இருந்து வருவதை உள்ளே விடாமல் தடுப்பதற்கென்றே இருப்பது, அதைத் தாண்டி எவ்வளவு உள்ளே போகும் என்பதுதான் கேள்வி. ஃபுகொய்டன் பெரிய மூலக்கூறு, சுலபமாக நுழையாது.

எனக்கு ஆகப் பிடித்தது மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள். சுஷியைச் சுற்றியிருக்கும் அந்தக் கறுப்புத் தாள் இருக்கிறதே, நோரி, அது போர்ஃபைரா இனத்துச் சிவப்புப் பாசி. கடல் வற்றும்போது பாறையோடு ஒட்டிக்கொண்டு கொளுத்தும் வெயிலில் கிடக்க வேண்டிய பிறவி, எழுந்து ஓட முடியாது. அதனால் அதுவே தனக்கு வெயில் காப்பைத் தயாரித்துக்கொள்கிறது. போர்ஃபைரா-334, ஷினோரின் என்று இரண்டு பொருள்கள், இரண்டுமே 334 நானோமீட்டர் பக்கத்தில் புற ஊதா ஏ கதிரை உறிஞ்சி, ஆபத்தில்லாத சூடாக மாற்றி விட்டுவிடுகின்றன. இதைச் சேர்த்த கிரீம்கள் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அழற்சி வந்த பிறகு அடக்குவதைவிடக் கதிரையே உள்ளே விடாமல் பிடிக்கும் வழி என்பதால் இதன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அஸ்டாக்ஸாந்தின் பற்றியும் கேட்கிறார்கள். இறாலை வேகவைத்தால் வருமே சிவப்பு, அந்த நிறமிதான். ஜப்பானில் தினம் 4 மில்லிகிராம் வீதம் 10 வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2018இல் வந்தது, தோல் சிவக்கத் தேவைப்படும் கதிர் அளவு கொஞ்சம் உயர்ந்தது. இருபத்துச் சொச்சம் பேரை வைத்துச் செய்தது, ஆகவே ஆவலோடு பார்க்கலாம், ஆனால் இதை நம்பி வெயிலில் இறங்க முடியாது. இன்னொன்று, மாத்திரையில் வருவது பெரும்பாலும் ஹெமட்டோகாக்கஸ் என்ற நுண்பாசியில் இருந்து. அது நன்னீரில் வளர்வது. "ஆழ்கடல் அஸ்டாக்ஸாந்தின்" என்று டப்பாவில் அலை படம் போட்டிருந்தால் கொஞ்சம் நிதானித்து வாங்குங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் தோல் எரியாதாமே?

மனிதர்கள் மேல் நடந்த சோதனையில் ஓரளவு உருப்படியான விடை கிடைத்தது மீன் எண்ணெய்க்குத்தான். இங்கிலாந்தில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில் 42 பேர், ஒரு பாதிக்கு தினம் 4 கிராம் இபிஏ என்ற ஒமேகா-3, மறு பாதிக்கு வேறு எண்ணெய், மூன்று மாதம். இபிஏ சாப்பிட்டவர்களுக்குத் தோல் சிவக்கத் தேவைப்பட்ட கதிர் அளவு 36இல் இருந்து 49க்கு உயர்ந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். காரணமும் புரிகிறது, இபிஏ உள்ளே போனால் புரோஸ்டாகிளாண்டின் இ2 சுரப்பதே குறைகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் இபிஏ வெறும் 180 மில்லிகிராம்தான், மிச்சமெல்லாம் வேறு கொழுப்பு. 4 கிராம் வேண்டுமென்றால் தினம் 22 மாத்திரை விழுங்க வேண்டும். அப்படி விழுங்கினாலும் கிடைக்கும் காப்பு எஸ்பிஎஃப் 1.4 மாதிரி, ஒழுங்காகத் தடவிய எஸ்பிஎஃப் 30 கிரீமுக்குப் பக்கத்தில்கூட வராது. தினம் 4 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு கூடுதலாக வந்ததாகப் பெரிய இதய ஆய்வுகள் காட்டின. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், மத்தியும் நல்லது. உடம்புக்கு நல்லது என்பதற்காகச் சாப்பிடுங்கள், வெயிலுக்கான காப்பு என்று நினைத்து வேண்டாம்.

கமாட் எண்ணெய் தடவலாமா? எங்க ஆயா காலத்தில் இருந்து தடவுகிறோம்

கமாட் என்பது கடல் அட்டை. லங்காவியிலும் பங்கோரிலும் மலாய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காயத்துக்கும் பிரசவத்துக்குப் பிறகும் பயன்படுத்துவது, நம் தோட்டத்து வீடுகளிலும் ஒரு பாட்டில் இருக்கும். அதில் இபிஏ உட்படப் பல கொழுப்பு அமிலங்களும் சப்போனின்களும் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, எலி, முயல் காயங்கள் சீக்கிரம் ஆறியதாகவும் முடிவுகள் உண்டு. அதனால் ஆயா சொன்னதை நான் தூக்கி எறியச் சொல்லமாட்டேன்.

ஆனால் எண்ணெய் வடிவத்தில் கிடைப்பது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி எடுத்தது. அன்றைக்கே வெந்து கொதித்துக்கொண்டிருக்கும் தோலில் கனமான எண்ணெயை அப்பினால் சூடு வெளியேறாமல் இன்னும் எரியும். சூடு முழுக்க அடங்கி, தோல் உரிய ஆரம்பித்து, கொப்புளமோ திறந்த புண்ணோ இல்லையென்றால் மெல்லிசாகத் தடவலாம், வறட்சிக்கு இதமாக இருக்கும். காலையில் கமாட் எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போவது வெயிலைத் தடுக்காது. இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "தடவிட்டுத்தாம்மா போனேன்" என்று கன்னம் கருகி வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

கடற்பாசி சாப்பிட்டால் போதாதா? அகார் அகார் குளிர்ச்சிதானே?

அகார் அகார் சாப்பிடும்போது வாய்க்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான். வெயில் பட்ட தோலில் அது எதையும் செய்யாது. கெல்ப் போன்ற பழுப்புப் பாசி மாத்திரையில் அயோடின் மிக அதிகமாக இருக்கலாம், தைராய்டு பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை வாங்க வேண்டாம்.

கடலில் இருந்து வந்தாலே அழற்சிக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சபாவில் செம்போர்னா பக்கம் கயிறு கட்டி வளர்க்கிறார்களே, அந்தப் பாசியில் இருந்து எடுப்பது கராஜீனன். பற்பசையையும் லோஷனையும் கெட்டியாக்க உதவுவது, அப்படிப் பயன்படுத்தும்போது பயமில்லை. அதே கராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியால் செலுத்தினால் பாதம் வீங்கிவிடும், வீக்க மருந்துகளைச் சோதிக்க 1960களில் இருந்து ஆய்வகங்களில் செய்யும் வழக்கமான முறையே இதுதான். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்று பார்க்காமல் கடல் என்ற பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. இதெல்லாம் பயன்படுத்தலாமா?

ஜாக்கிரதை. கிரில் எண்ணெய் இறாலைப் போன்ற ஒரு சின்னக் கடல் உயிரில் இருந்து வருவது, வேண்டாம். கமாட்டும் சிலருக்குத் தடிப்புக் கொண்டுவரும், முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பாசியில் இருந்து எடுத்த பொருள்களுக்கும் இறால் ஒவ்வாமைக்கும் பொதுவாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் டப்பாவின் பின்பக்கம் படியுங்கள்.

அப்படியென்றால் வெயிலுக்கு எதை நம்புவது?

துணியை. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, கழுத்தின் பின்புறம் தொங்கும் துணி வைத்த தொப்பி. ஈரமான மெல்லிய வெள்ளைப் பருத்தியைவிட உலர்ந்த அடர்நிறத் துணி அதிகம் தடுக்கும். துணி மூடாத முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் எஸ்பிஎஃப் 30 அல்லது 50, புற ஊதா ஏவையும் தடுப்பதாக எழுதியிருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். ஒரு பட்டாணி அளவு தடவிவிட்டு "இந்தக் கிரீம் சரியில்லை" என்று சொல்வது நியாயமில்லை. வியர்வையில் கரைந்துவிடும் என்பதால் காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகுமுன் ஒருமுறை, பசியாறும் நேரத்தில் ஒருமுறை. கன்னத்தில் மங்கு இருப்பவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள கிரீமாக வாங்குங்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலைக் கறுக்க வைக்கும், அதை வெள்ளைக் கிரீம் நிறுத்தாது.

கடல் சத்துச் சேர்ந்த கிரீம் இதற்கு மேல் ஒரு கூடுதல் உதவி. கையில் காசு குறைவென்றால் முதல் செலவு சட்டைக்கும் தொப்பிக்கும்தான்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) "கடல் முத்து" கிரீம் விற்கிறார்கள். மூன்றே நாளில் எரிச்சலும் போகிறது, கறுப்பும் போகிறதே?

மூன்றே நாளில் எரிச்சல் நின்று முகமும் வெளுக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் கடல் மேல் இல்லை, ஸ்டீராய்டு மேலும் பாதரசத்தின் மேலும்தான். சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ, பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்து பிடிபட்ட அழகுப் பொருள்களின் பெயரை அவ்வப்போது வெளியிடுகிறது. ஸ்டீராய்டு அழற்சியை உடனே அடக்கும், அதனால்தான் மந்திரம் போலத் தெரிகிறது. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்திய வாரமே முகம் தீயாய் எரியும்.

அழகுப் பொருள் என்றால் NOT என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும், மருந்து அல்லது பாரம்பரிய மருந்து என்றால் MAL என்று தொடங்கும் பதிவு எண், பாரம்பரிய வகைக்குக் கடைசியில் T வரும். எண்ணை என்பிஆர்ஏ இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் பொருளின் பெயரும் நிறுவனமும் வரும். வராவிட்டாலோ வேறு பெயர் வந்தாலோ தடவாதீர்கள். எண் இருந்தால் பதிவு நடந்திருக்கிறது என்று அர்த்தம், விளம்பரத்தில் சொல்வதெல்லாம் உண்மை என்று அர்த்தமில்லை.

ஏற்கெனவே வெந்துவிட்டது. இன்றைக்கு ராத்திரி என்ன செய்ய?

சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள், திரும்பத் திரும்பச் செய்யலாம். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள், பற்பசையும் வேண்டாம். ஈரத் தோலிலேயே வாசனையில்லாத மாய்ச்சரைசர் அல்லது கற்றாழை ஜெல் தடவுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். மறுநாள் வெயில் வேண்டாம் என்று தண்டலிடம் (மேற்பார்வையாளரிடம்) கேட்டு நிழல் வேலைக்கு மாறிக்கொள்ள முடிந்தால் நல்லது.

வலிக்குப் பாராசிட்டமோல் போடலாம். புரூஃபன் என்று சொல்லும் இபுப்ரோஃபென் இந்த அழற்சியில் இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. காய்ச்சலும் சேர்ந்து அடித்தால் டெங்கி இல்லை என்று தெரியும்வரை அதைத் தொடவே தொடாதீர்கள். வெயிலில் சிவந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அது டெங்கியாக இருந்தால், இபுப்ரோஃபென் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

கொப்புளம் பெரிய இடத்தில் பரவினால், காய்ச்சலோ வாந்தியோ தலைசுற்றலோ வந்தால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், புண்ணில் சீழ் பிடித்தால், கைக்குழந்தைக்கு வெந்திருந்தால் உடனே போங்கள். பேச்சு குழறுவது வெப்பத் தாக்காக இருக்கலாம், காலைவரை காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம், காசை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

கொஞ்ச நேர வெயிலுக்கே திடீரென்று எரிகிறது, முன்பு இப்படி இல்லை என்றால் நீங்கள் சாப்பிடும் மாத்திரையாகவும் இருக்கலாம். எலி மூத்திரக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு இரண்டுமே தோலை வெயிலுக்குப் பலவீனமாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். தடவுகிற கிரீமும் எண்ணெயும் இருந்தால் அந்த டப்பாவும் அதே பையில் இருக்கட்டும்.